தண்ணீர் இல்லாத மாதமே நல்ல மாதமாம்

சேசு மரி சூசை துணை

பாபநாசம்,
பிப்ரவரி 7, சனிக்கிழமை.

வணக்கத்துக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா, அருட்சகோதரி பாத்திமா மேரி அவர்கள் சமுகத்துக்கு,

அ. மதலைமுத்து ஆகிய நான், வயது ஐம்பது, பாசனப் பிரிவு உதவிப் பொறியாளர், தங்கள் உடன்பிறந்த ஒரே தம்பி, எழுதிக்கொள்வது. நோக்கம்: நானும் என் மனைவி எல்சியும் நமீபியா நாட்டுக்கு வந்து தங்களையும், அந்நாட்டுப் பாலைவனத்தையும், அதிலுள்ள விலங்குகளையும் காண்பதற்கு உகந்த மாதம் எது என்பதைத் திட்டவட்டமாகத் தெரிவித்தல். தம்பியின் பெயரும் வயதும் அக்காவுக்குத் தெரியாதா என்று தாங்கள் கேட்கலாம். பெயரும் நோக்கமும் இல்லாத மனுக்களை நான் இருபத்தாறு ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பி வருகிறேன். எனக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொள்ள முடியாது.

இங்கு நானும் எல்சியும் கறவைப் பசுக்கள் இரண்டும் சுகம். தங்கள் சுகத்தைத் தினமும் காலையில் வாட்ஸப்பில் பார்த்துவிடுவதால் விசாரிக்கவில்லை.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தங்கள் குரல் பதிவு கிடைக்கப்பெற்றேன். “முத்து, பதினோரு வருஷமா கூப்புடுறேன். ஈஸ்டர் முடிஞ்சதும் என்னை ஊருக்கு மாத்துறாங்க. அதுக்குள்ள வா. நான் எங்க இருந்தேன், என்ன செஞ்சேன்னு நம்ம வீட்டுல ஒரு ஆளாவது கண்ணால பாத்திருக்கணும்டா. எந்த மாசம்னு அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. மொத்தமே பன்னெண்டுதான்டா இருக்கு.” இப்பதிவை எல்சி எனக்கு மூன்று முறை போட்டுக் காட்டினாள். மூன்றாவது முறை சமையலறையிலிருந்து, முழுச் சத்தத்தில்.

தாமதத்துக்குக் காரணம் அலட்சியமன்று, ஆய்வு. தாங்கள் அங்கு சென்ற முதலாண்டிலேயே, அந்நாட்டுச் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் இணையப் பக்கத்தில் மாதவாரி அட்டவணை ஒன்றைக் கண்டேன். ஒரு கட்டத்தில் மழையளவு. அடுத்த கட்டத்தில் பரிந்துரை. ஜூலை, மழை சுழியம், மிகச் சிறந்தது. ஆகஸ்ட், மழை சுழியம், மிகச் சிறந்தது. பிப்ரவரி, நல்ல மழை, இயன்றவரை தவிர்க்கவும். அக்கா, மழை சுழியமான மாதத்தை ‘மிகச் சிறந்தது’ என்று நம் ஜில்லாவில் எவராவது சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர முடியுமா? அச்சிட்டவர் கைதவறிப் பரிந்துரைக் கட்டம் ஆறு வரிசை கீழே இறங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். திருத்திய அட்டவணையை இணைத்து, பிழையைச் சரிசெய்யுமாறு பணிவுடன் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலுக்கு ஓர் அம்மையார் பதில் எழுதினார்: பிழை ஏதுமில்லை ஐயா, மழை பெய்தால் காடெங்கும் குட்டைகள் நிறையும், விலங்குகள் சிதறிப்போய் அங்கங்கே குடித்துக்கொள்ளும், தங்கள் கண்ணில் படா, காய்ந்தால்தான் மிச்சமுள்ள ஒரே குளத்துக்கு எல்லாமும் வந்தாக வேண்டும், தாங்கள் கரையில் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கூடவே, அப்படிப்பட்ட ஒரு குளத்தை எந்நேரமும் நேரலையில் காட்டும் கேமராவின் இணைப்பையும் அனுப்பியிருந்தார்.

அதை நான் மதிய உணவு இடைவேளையில் மட்டுமே பார்த்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அக்கா, அது காடே அல்ல, முறைப்பாசனம்! முதலில் யானைகள். அவை போன பின் வரிக்குதிரைகள். பிறகு மான்கள். ஒட்டகச்சிவிங்கி கடைசியில், நம்ம கடைமடைக்காரர் மாதிரியே, நமக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கானுவளான்னு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காலை அகட்டி, மெல்லக் குனிகிறது. மனு இல்லை, மறியல் இல்லை, மதகுச் சாவியைக் கேட்டு எவரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மதகுகளைத் திறந்து மூடும் எங்கள் லஸ்கர் துரைராசுவும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். ஒருநாள் பதறிப்போய், “சார், அந்தக் கொம்பு ஒடிஞ்ச யானை ரெண்டாவது தடவையும் வந்து நிக்குது சார். முறை மாறி எடுக்குது” என்றார். “நாம என்ன செய்ய முடியும் துரைராசு, அது வேற நாடு” என்றேன். “ஒரு நோட்டீஸாவது ஒட்டலாம் சார்” என்றார்.

ஆகவே, உகந்த மாதம் ஆகஸ்ட் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. இதில் ஒரேயொரு இடர்ப்பாடு. ஜூன் பன்னிரண்டு முதல் ஜனவரி இருபத்தெட்டு வரை நமக்கு மேட்டூர்த் தண்ணீர். குறுவை, சம்பா, தாளடி. அந்நாட்களில் பாசனப் பொறியாளன் ஊரைவிட்டு அசையக் கூடாது. இருந்தும் முறைப்படி விண்ணப்பித்தேன். எங்கள் செயற்பொறியாளர் விண்ணப்பத்தை ஒருமுறை படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார். “முத்து, ஆகஸ்டுல உங்களுக்கு லீவா? அதுக்குக் காவேரிக்கே லீவு குடுத்துடலாமேய்யா” என்றார். இவ்வாறே ஆண்டுகள் சென்றன. என் பாஸ்போர்ட் ஒரு முத்திரையும் படாமல் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டது.

சென்ற ஆண்டு மே மாதத்தைப் பரிசீலித்தேன். அட்டவணை மே மாதத்துக்கு ‘நன்று’ என்கிறது. பத்து நாள் விடுப்பும் கிடைக்கும். ஆனால் வறண்ட வெயிலில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார நம் உடம்பு தாங்குமா என்று முன்கூட்டியே சோதிப்பது அவசியமல்லவா? எனவே ஒரு சனிக்கிழமை நண்பகலில், திருவையாற்றுக்குக் கீழே, காய்ந்துகிடந்த காவிரி மணலில் ஒத்திகை வைத்தேன். இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஒரு கூஜா மோர், பயண முகவர் சித்தீக்கிடம் இரவல் வாங்கிய பைனாகுலர். எல்சி குடையைப் பிடித்தபடி, “ஏங்க, இங்க என்ன வரும்?” என்றாள். “ஒன்றும் வராது. இது ஒத்திகை.” “ஒண்ணும் வராததப் பாக்க எதுக்குங்க பைனாகுலர்?” நான் பைனாகுலரை மேற்கே திருப்பியபோது கரையில் ஒரு தலை தெரிந்தது. நம் பகுதி விவசாயி சிங்காரவேலு. பாசனப் பொறியாளன், நட்டாற்றில், நாற்காலி போட்டு, பைனாகுலரில் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் வேறு என்னதான் நினைப்பார்? கால்மணி நேரத்தில் கரையில் நாற்பது பேர். “சார், எங்க வந்துக்கிட்டிருக்கு?” “என்ன?” “தண்ணி சார். எங்கிட்டயே மறைக்கிறீங்களே. முக்கொம்பு தாண்டிருச்சா?” இல்லை என்றேன். இல்லை என்று அதிகாரி சொன்னால் உண்டு என்று பொருளாம். சாயந்திரத்துக்குள் ஏழு கிராமத்தில் நாற்றங்கால் உழுதாயிற்று, ஒரு ஆட்டோவில் மைக் கட்டியாயிற்று, ஊராட்சித் தலைவி ஈஸ்வரி தாம்பாளத்தில் மஞ்சளும் பூவுமாக இறங்கி வந்து, முதல் தண்ணிய வரவேற்க நீங்களே மொதப் பூவப் போடுங்கன்னு எல்சி கையில குடுத்துட்டாங்க. இவளும் வாங்கிக்கிட்டா! மறுநாள், ‘நான் ஆற்றில் அமர்ந்திருந்தது முற்றிலும் தனிப்பட்ட காரணங்களுக்காக’ என எழுத்துமூலம் விளக்கம் அளித்தேன். அதன் பின் ஒரு வாரம், எனக்கும் எல்சிக்கும் என்ன பிரச்சினை என்று விசாரிக்கப் பங்குச் சாமியார் உட்பட பதினான்கு பேர் வந்தனர். மே மாதம் அத்துடன் முடிந்தது.

உண்மையைக் கடைசியில் சிங்காரவேலுவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தலைத்துண்டு கீழே விழுந்தது. “தண்ணியில்லாத ஊரப் பாக்க ஏழு கடல் தாண்டிப் போறீங்களா? மே மாசம் எங்க கொல்லைக்கு வாங்க சார், சும்மாவே காட்டுறேன். என் மாட்டு விலாவப் பாத்தீங்கன்னா வரிக்குதிரையும் பாத்த மாதிரி ஆச்சு.”

சித்தீக்கின் நிலை வேறு. எனக்கென அவர் கடையில் தனிக் கோப்பு இருக்கிறது. போன மாதம் அதைத் தூசி தட்டியபடியே சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க சார், உங்க ஃபைல வச்சே மூணு குடும்பம் போயிட்டு வந்துட்டாங்க. நீங்க எழுதிக் கேட்ட சந்தேகத்தையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். ரொம்ப உபயோகமா இருந்துச்சாம். உங்களுக்கு தேங்ஸ் சொல்லச் சொன்னாங்க.”

இனி முடிவுக்கு வருகிறேன். எனக்கு விடுப்பு கிடைப்பது பிப்ரவரியிலும் மார்ச்சிலும். இவ்விரண்டும் ‘தவிர்க்கவும்’ என்று குறிக்கப்பட்டவை. இவ்வளவு தூரம் வந்து, விலங்கெல்லாம் சிதறிக் கிடக்க, வெறும் புல்லைப் பார்த்துத் திரும்புவது எந்த விதிப்படியும் முறையாகாது. எனவே, தாங்கள் தங்கள் சபைத் தலைவி அன்னையிடம் ஆகஸ்ட் இறுதி வரை நீட்டிப்புக் கோர வேண்டும். மனுவை நானே தயாரித்து மூன்று படிகள் இணைத்துள்ளேன், கையொப்பமிட்டால் போதும். காரணம் என்ற இடத்தில் ‘வறட்சிக் கால அலுவல்’ என்று எழுதியிருக்கிறேன். யாருடைய அலுவல் என்று குறிப்பிடவில்லை. ஆகஸ்ட் விடுப்புக்கு நானும் மேல்முறையீடு செய்வேன்.

இந்த இடம் வரை எல்சி படித்தாள். படித்துவிட்டுச் சொன்னதை உள்ளது உள்ளபடியே தருகிறேன்: “அக்கா உங்கள யானையப் பாக்கவா வரச் சொன்னாங்க? அவங்களப் பாக்கத்தான வரச் சொன்னாங்க. அவங்க பன்னெண்டு மாசமும் ஒரே எடத்துலதான இருக்காங்க? மழை பேஞ்சா அவங்களும் செதறிப் போயிருவாங்களா?” இக்கருத்து பதிவு செய்யப்பட்டது. அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லாததால் மேல்நடவடிக்கை எடுக்கவில்லை.

எல்லாம் வல்ல இறைவனும், வழிதவறாமல் காக்கும் வேளாங்கண்ணித் தாயும் தங்களையும், தாங்கள் பணிபுரியும் மருத்துவமனையையும், அதன் நோயாளிகளையும் ஆகஸ்ட் வரையிலும் அதற்கு அப்பாலும் காப்பார்களாக. எல்சியின் அன்பையும் இத்துடன் அனுப்புகிறேன். அவள் இப்போது என்னுடன் பேசவில்லையாதலால் நானே அனுமானித்து எழுதியது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
அ. மதலைமுத்து.

பின்குறிப்பு: மேலே உள்ள யாவற்றையும் ரத்து செய்ததாகக் கருதவும். உறையில் பசை தடவும்போது தங்கள் அடுத்த பதிவு வந்தது. “முத்து! மலைப்பக்கம் கொட்டித் தீத்துருச்சுடா. எங்க ஊரு ஆறு வருதாம்! நான் வந்த பதினோரு வருஷத்துல ரெண்டே தடவைதான் வந்துச்சு. ஊரே கரையில போய் நிக்கப் போவுது. தண்ணிக்கு முன்னாடி ஓடுறதுக்கு எனக்குத்தான்டா இங்க ஆளில்ல.”

அக்கா, சின்ன வயசில் கோயில் வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது நுரைக்கு முன்னால் நீங்க ஓடுவீங்க, உங்க பின்னாடி நான் ஓடுவேன். மதகுச் சுவத்துல கரியால மணி எழுதுவேன். என் உத்தியோகம் அன்னிக்கே ஆரம்பிச்சதுதானே! ஒரு நாட்டுக்கு ஆறு வருகிற மாதத்தை ‘தவிர்க்கவும்’ என்று அட்டவணை போட்டவரிடம் பதினோரு வருஷமா நான் யோசனை கேட்டிருக்கேன். அன்று நான் அனுப்பிய திருத்தமே சரி.

எல்சி பீரோவைத் திறந்து ஒரு உறையை மேசை மேல் வைத்தாள். இருவருக்கும் விசாத் தாள்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாளே சித்தீக்கிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டாளாம். “யானை தெரியாதாமே, பரவாயில்லையா?” என்று கேட்டாள். “தண்ணி தெரியும்ல” என்றேன். பேச ஆரம்பித்துவிட்டாள்.

மலையிலிருந்து தங்கள் ஊர் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். மணல் குடிப்பது போக, முதல் தண்ணீர் பத்தொன்பதாம் தேதி பிற்பகல் மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் வந்து சேரும் என்று கணக்கிட்டிருக்கிறேன். பதினாறாம் தேதியே நாங்கள் அங்கிருப்போம். எனக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டால், முறை மாறி வந்ததாக ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடவும்.

எழுதியதைக் கிழிப்பது முறையன்று. ஆகவே குறுக்குக் கோடிட்டு, இக்கடிதத்தை நானே நேரில் கொண்டுவந்து தங்கள் கையில் கொடுப்பேன். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் தேவை. சித்தீக் ஒன்றரை மணிக்குச் சாப்பிடக் கடையை மூடுவார். இப்போது மணி ஒன்று ஐந்து. பேனாவை மூடுகிறேன், வண்டிச் சாவியை எடுக்கிறேன், எல்சி ஏற்கெனவே வாசலில் நிற்கிறாள். டிக்கெட் எடுக்கப் போகிறேன்.