அப்பீல் அண்ணையும் நாலு தேசிக்காயும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் இருந்த எங்கள் ஆட்களில் அப்பீல் அண்ணையிடம் எரிச்சல்படாதவர் ஒருவர்கூட இல்லை. தொண்ணூறுகளில் அங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வாயைத் திறந்தால் அமெரிக்க நீதிமன்றம். அங்கே அவருடைய தம்பியை அநியாயமாக வேலையால் நிறுத்தியிருந்தார்கள். தம்பியின் வழக்கு மேலே ஏற ஏற, இவர் தொலைபேசியில் கேட்டு வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பார்.

“அங்கை ரெண்டு படிக்கட்டு. மாநிலத்துக்கு ஒண்டு, முழு நாட்டுக்கும் ஒண்டு. தம்பி ஏறுறது ரெண்டாவதிலை. கீழை ஒரு நீதவான், நடுவிலை மூண்டு பேர், உச்சியிலை ஒன்பது பேர்.”

அவருடைய கறியில் உப்பில்லை என்று சொல்லவும் வழியில்லை. “உப்புச் சரியெண்டு நான் தீர்ப்புச் சொல்லிட்டன். விருப்பமில்லாட்டி மூண்டு பேரைக் கூட்டி அப்பீல் போ” என்பார். நாங்களும் விடாமல் போவோம்.

நான் கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சின்யோராவிடம், அதாவது இத்தாலிய வீட்டம்மாவிடம், வீட்டுவேலை செய்தேன். அவர் புதுக் கார் வாங்கியபோது, கண்ணூறு படக்கூடாதென்று நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தேன். அவை நசுங்கியதைக் கண்டவர், சூனியம் வைத்துவிட்டேன் என்று அலறி, ஒரு கேள்வி கேட்காமல் என்னைத் துரத்திவிட்டார். வேலை போனால் வதிவிட அனுமதியும் போய்விடும். நல்லது செய்தவனுக்குச் சூனியக்காரன் பட்டம்!

அப்பீல் அண்ணை சட்டையை மாட்டினார். “வா, மேலை போவம்.”

மேலே என்றால் கபோ சந்தையடியில் இருந்த சின்யோராவின் தாய். கூடவே அந்தத் தாயின் இரண்டு தங்கைமார். “பாத்தியே, மூண்டு பேர்” என்று அண்ணைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

நான் வாய் திறந்தேன். “பொத்து வாயை. மேல்கோட்டிலை புதுச் சாட்சி எடுக்கமாட்டினம். கீழை இருந்தவை சட்டத்தைப் பிழையா விளங்கினவையோ எண்டுதான் பாப்பினம்.”

போனது என் வேலை. எனக்குப் பேச உரிமையில்லையாம். பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் தொங்கிய சிவப்புக் கொம்பைக் காட்டி, “இது என்னத்துக்கு?” என்று தன் இத்தாலியனில் கேட்டார் அண்ணை.

“கண்ணூறு படாமல் இருக்க” என்றார் தாய்.

“இவன் வைச்ச தேசிக்காயும் அதுக்குத்தான்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாய் தொலைபேசியை எடுத்து மகளுக்குக் கொடுத்த ஏச்சு சந்தை வரை கேட்டிருக்கும். மறுநாள் எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

கொஞ்சக் காலத்தில் தம்பியின் வழக்கு உச்சிக்குப் போனது. “அந்த ஒன்பது பேரும் எடுக்கமாட்டினமாம். ஏனெண்டும் சொல்லத் தேவையில்லையாம்” என்றார் அண்ணை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. எனக்காகப் படியேறிய மனிதருக்கு ஏற ஒரு படி மிச்சமில்லை.

அன்று சமைப்பது அவருடைய முறை. கறியில் உப்பே இல்லை. ஒருவரும் அப்பீல் போகாமல் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.