மூன்று மேனேஜர்களும் ஓர் இஸ்திரிப்பெட்டியும்

அன்று சலவைக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: முதலாளி, அவருடைய மைத்துனர், துவைப்பவர், இஸ்திரிக்காரர், பொத்தான் தைக்கும் அக்கா. வாசலில் எட்டிப் பார்த்த எதிர்க்கடைக்காரரைச் சேர்க்க வேண்டாம். அவர் எப்போதும் எட்டித்தான் பார்ப்பார்.

"எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னா ரெட்டைச் சம்பளம். சட்டம் முதலாளி. இல்லேன்னா தொழிலாளர் அலுவலகத்துல புகார்தான்" என்றார் இஸ்திரிக்காரர்.

புகார் என்றதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பப் பெயர் எந்தப் புகாரிலும் ஏறியதில்லை.

மைத்துனர் காதைக் கடித்தார். "அத்தான், ஓவர்டைம் தொழிலாளிக்குத்தான். மேனேஜருக்குக் கிடையாது. மூணு பேரையும் மேனேஜர் ஆக்கிடுங்க."

ஆக்கினார். மறுநாள் மூவரும் நாற்காலி கேட்டார்கள்.

"சட்டையெல்லாம் குவிஞ்சு கிடக்கே!"

"மேனேஜர் இஸ்திரி போட்டா நல்லாவா இருக்கும்? உங்க கடைக்குத்தானே கேவலம்" என்றார் துவைப்பவர்.

கடையின் மானம் என்றதும் முதலாளியால் மறுக்க முடியவில்லை. தானே துவைத்தார். தானே இஸ்திரி போட்டார்.

நாலைந்து நாளில் தொழிலாளர் ஆய்வாளர் வரப்போவதாகத் தகவல் வந்தது.

"வெறும் பேரை வெச்சு ஏமாத்த முடியாது அத்தான். அதிகாரத்தையும் எழுதிக் கொடுங்க."

வேலை நேரம் குறிக்க, விடுப்பு தர, ஆளை நீக்க, மூவருக்கும் முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த ஈரம் காய்வதற்குள் இஸ்திரிக்காரர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"காலர்ல மடிப்பு. திரும்பப் போடுங்க."

"யோவ், இது என் கடைய்யா!"

"கடை உங்களுது. மேற்பார்வை எங்களுது."

"இடுப்பு ஒடியுதும்மா. அரை நாள் லீவாவது..." என்று அக்காவிடம் இறங்கி வந்தார்.

"மூணு பேரும் கலந்து பேசிச் சொல்றோம்" என்றார் அக்கா, பதிவேட்டில் முதலாளியின் பதினைந்தாவது மணி நேரத்தைக் குறித்தபடி.

அடுத்த நாள் ஆய்வாளர் வந்தபோது மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு அவரிடம் வந்தார்.

"பெரியவரே, இந்த வயசுல உங்களைப் பதினஞ்சு மணி நேரமா நிக்க வைக்கறாங்க?"

ஒரு வாரமாக யாரும் அவரை இப்படி விசாரித்ததில்லை. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மைத்துனர் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் எதிர்க்கடைக்காரர் அக்காவை மடக்கினார். "உங்க முதலாளி மேல புகார் எழுதிட்டாங்களாமே? ஊரே பேசுது."

"சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. புகார் எங்க மூணு பேர் மேல. எழுதிக் கொடுத்தது அவரு."