காலால் கீறிய வளைவு

திருகோணமலையில் வெறும் காற்றுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் எங்கள் காத்துக்கீறியைத் தவிர வேறு யாருமில்லை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

ஓர்ஸ் ஹில்லில், புதுப் பொருட்களை வடிவமைக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் நான் கணினித் திரையில் வரைபவன். அவரோ கண்ணை முழுவதும் மூடும் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளால் அறை நடுவே வெறும் காற்றில் படம் கீறுவார். கண்ணாடிக்குள் பார்த்தால் அவர் கீறிய கதிரையோ மீன்பிடி வள்ளமோ உண்மையான அளவில் நிற்கும். வெளியில் இருக்கும் எங்களுக்கு, கைவீசி நுளம்பு அடிக்கும் ஒருவர்தான் தெரிவார்.

“தம்பி, சுத்திப் போங்கோ. வள்ளத்துக்குள்ளால நடக்கிறீங்கள்” என்பார். ஒருமுறை, பார்வையிட வந்த அதிகாரி ஒருவரின் கன்னத்தில் கைப்பிடி பட்டுவிட்டது. இவர் மன்னிப்புக் கேட்கவில்லை. “நீங்கள் நிண்டது அலுமாரிக்குள்ள” என்று விளக்கம் சொன்னார்.

சைக்கிளில் மீன் விற்பவர்களுக்கு ஐஸ் பெட்டி செய்யும் வேலை வந்தது. என் படத்தில் எல்லா அளவும் சரி. மறுநாள் பெட்டியை வார்க்கும் அச்சை வெட்ட இருந்தோம். “ஓட்டுற ஆள் ஒருக்கா ஏறிப் பார்க்கோணும்” என்று காத்துக்கீறி அடம்பிடித்து, சல்லிக் கிராமத்திலிருந்து சிவலிங்கம் என்ற மீன் வியாபாரியைச் சைக்கிளோடு கூட்டிவந்தார். சிவலிங்கத்துக்கு வலது முழங்கால் மடங்காது.

சைக்கிளின் பின்னால், காற்றில், என் பெட்டியைக் காத்துக்கீறி கீறினார். சிவலிங்கம் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். ஏறவில்லை.

“என்ன அண்ணை?” என்றார் காத்துக்கீறி.

“பெட்டி வடிவா இருக்கு. ஆனா ஏற ஏலாது. என்ர கால் எங்கால போறது?”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. எல்லாவற்றையும் அளந்த நான், ஏறுகிற காலை அளக்கவில்லை.

காத்துக்கீறி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தான் வாங்கி மாட்டி, பெட்டியை அழித்துவிட்டு, ஒரு கைப்பிடியைச் சிவலிங்கத்தின் கணுக்காலில் துணியால் கட்டினார்.

“இப்ப ஏறுங்கோ. உங்கட கால் கீறட்டும்.”

நீட்டிய கால் பின்சில்லுக்கு மேலால் சுற்றி வந்தது. கண்ணாடிக்குள் அது ஒரு வளைவாக விழுந்தது. அதற்குக் கீழே, சில்லின் இரு பக்கமும் தொங்கும்படி, தாழ்வான இரண்டு பெட்டிகளைக் கீறினார். சிவலிங்கம் மறுபடி ஏறினார். கண்ணாடிக்குள் கால் பெட்டியில் தட்டவில்லை.

“ஒவ்வொரு முறையும் சைக்கிளைப் பிடிக்க ஆரையாவது கூப்பிடுவன்” என்றார் சிவலிங்கம், தணிந்த குரலில். “இனித் தேவையில்லை.”

அந்த இரட்டைப் பெட்டிதான் அச்சுக்குப் போனது.

போன மாதம் காத்துக்கீறி கொழும்புக்கு வேலை மாறிப் போனார். பழைய கோப்புகளை அழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கண்ணாடியை மாட்டினேன். பெட்டிகளையெல்லாம் அவரே அழித்திருந்தார். வளைவு மட்டும் அறை நடுவே நின்றது.

‘அழிக்கவா?’ என்று கேட்டது கண்ணாடி.

“வேண்டாம்” என்று வாய்விட்டே சொன்னேன்.