கெளுத்தி போட்ட சட்டை

பெருமதிப்புக்கும் பெருவயிற்றுக்கும் உரிய மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிய அத்தான் எழுதிக்கொள்வது.

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். கோழி கிளறியது போல் இருக்கிறதே, யார் எழுதியது என்று உறையைத் திருப்பிப் பார்த்திருப்பாய். சந்தேகமே வேண்டாம், நானேதான், என் கையாலேதான். ஆறு மாதமாக நூலக மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்புக்குப் போகிறேன். நாற்பது வருஷம் பெயிண்ட் பிரஷ் பிடித்த கை, பென்சிலைக் கொடுத்தால் சுவர் எங்கே என்று தேடுகிறது. வரி மேலே ஏறும், கீழே இறங்கும், ஓரத்தில் இடம் போதாமல் சாய்ந்து நிற்கும். நீ ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கொடுத்த கண்டக்டர், ஆட்டத்தில் படித்துப் பழகியவன், சமாளித்துக்கொள். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம். என் இடது முட்டி மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. உன் நலம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் பதினோரு மாதமாக நீ சொல்லவில்லை. எதனால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அன்று ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் தெரியும். அந்தக் கெளுத்தி, ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும், என் தூண்டிலில் மாட்டிக் கரை வரைக்கும் வந்து, சரியாக நீ கைவலையை நீட்டிய நேரத்தில் தப்பிப் போய்விட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். "இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதின ஆள் கையில வலையைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நீ உன் மடக்கு ஸ்டூலை மடக்கினாய். போனவன் போனவன்தான். உன் இடத்தில் இப்போது ஒரு தவளை உட்காருகிறது. அதுவும் என்னோடு பேசுவதில்லை.

மகளிடம் சொல்லி அப்போதே ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். சில விஷயத்தை இன்னொருத்தர் கையால் எழுத வைக்க முடியாது மச்சான். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு சமையல்கார அம்மாவுடையது. போன மாதம் அவர் போட்டு வந்த ரவிக்கை முழுக்க டீக்கோப்பை. ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஆவி வேறு பறக்கிறது. "என்னம்மா இது?" என்றேன். "எனக்கு டீன்னா உசுரு, அதான் அதையே போட்டுக்கிட்டேன். இப்ப எல்லாத்துக்கும் துணி வருதுங்க. பூனை, சைக்கிள், கேரம் போர்டு, கேட்டுப் பாருங்க" என்றார். அன்றைக்கு டீச்சர் நடத்திய பாடம் ஒன்றும் காதில் ஏறவில்லை. தூண்டில் மீன் போட்ட துணி ஒன்று கிடைத்தால் உனக்கு ஒன்று எனக்கு ஒன்று சட்டை தைத்து, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று மூடி வைத்திருக்கிற ஏரி மறுபடி திறக்கிற நாளில் இரண்டு பேரும் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரே நினைப்பு. உன் அக்காவிடம் சொன்னேன். "வாயால கெடுத்ததைத் துணியால மூடப் போறீங்களா? போய்த் தேடுங்க, வீட்டுல இருந்து என்னைப் படுத்தறதுக்கு அது தேவலாம்" என்று குடையைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

நாலு நாள் தேடினேன். முதல் கடையில், "மீனா? பேரனுக்கா பெரியவரே?" என்றான். "எனக்குத்தான்" என்றதும் சாம்பல் கலரில் கோடு போட்டதை எடுத்து விரித்து, "இது வயசுக்கு மரியாதையா இருக்கும்" என்றான். அந்த மரியாதையை நீயே வைத்துக்கொள் என்று வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் மீன் இருந்தது, ஆனால் எல்லா மீனுக்கும் கண்ணிமையில் மை, உதட்டில் சிரிப்பு. பிடித்தால் பாவம் சுற்றும். அடுத்த கடையில் திமிங்கிலம். உன் தூண்டிலுக்குத் தாங்குமா? இன்னொன்றில் கண்ணாடித் தொட்டிக்குள் தங்கமீன். தொட்டியில் இருக்கிற மீனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற அளவுக்கு நாம் இன்னும் இறங்கவில்லை.

ஐந்தாவது நாள், திரைச்சீலைக் கடை ஒன்றின் வாசலில், வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் போடுகிற கூடை. அதன் மேல் ஒரு அட்டை. நானே வாசித்தேன் மச்சான், யாரையும் கேட்காமல், நடுத்தெருவில் நின்று: 'கடைசித் துண்டுகள்.' எத்தனை கடைப் பலகைக்கு நான் அடிவண்ணம் பூசியிருக்கிறேன், மேலே வேறொருத்தர் வந்து என்ன எழுதினார் என்று தெரியாமலே. கையை விட்டுத் துழாவினால் அடியில் கிடக்கிறது, பாசிப்பச்சைத் துணி, அதில் கெளுத்தி! நாலு ஜோடி மீசை, எண்ணிப் பார்த்தேன், ஒரு ஜோடி கூடக் குறையவில்லை. நடுநடுவே சிவப்புத் தக்கை, கொக்கி, நூல். வரைந்தவன் ஏரிக்கரையில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். திரைச்சீலைத் துணி, கொஞ்சம் முரடு. இருக்கட்டும், நாமும் அப்படித்தானே.

துண்டோ ஒன்றே முக்கால் சட்டைக்குத்தான் வரும். டெய்லரிடம், "எப்படியாவது ரெண்டு வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். என் அளவு எடுத்துக்கொண்டார். உன் அளவுக்கு, முன்பு மழையில் நனைந்து எங்கள் வீட்டில் விட்டுப்போன கோடு போட்ட சட்டையைக் கொடுத்தேன். முந்தாநாள் வாங்கப் போனேன். ஒரு சட்டையில் கெளுத்திகள் அழகாக நேராக நீந்துகின்றன. இன்னொன்றை விரித்தால் அத்தனையும் வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடக்கின்றன.

"என்னய்யா இது?"

"துணி பத்தலைங்க. தலை மாத்திப் போட்டு வெட்டினதாலதான் ரெண்டாவது தேறிச்சு."

"வயிறு மேல வந்தா மீன் செத்துப்போச்சுன்னு அர்த்தம்யா."

"போட்டுக்கிட்டு நடங்க, தன்னால உசுரு வந்துரும்."

வழியெல்லாம் யோசித்தேன். ஒரு முடிவுக்கு வந்தேன். உயிர் மீன் சட்டை உனக்கு, இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. செத்த மீன் சட்டை எனக்கு. ஏன் எனக்கு என்றால், இதோ, மகளிடம் சொல்லி எழுத முடியாத விஷயம் வந்துவிட்டது.

அந்தக் கெளுத்தியை விட்டது நீ இல்லை. நீ ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நூலைச் சுருட்டினேன். நுனி சுருண்டிருந்தது. அறுந்த நூல் நுனி நேராக இருக்கும். முடிச்சு உருவிக்கொண்டு போனால்தான் இப்படிச் சுருளும், உனக்குத் தெரியாததா? கொக்கியில் முடிச்சுப் போட்டது நான். சரியாக இறுக்கவில்லை. ஒன்பது பேரும் பார்க்கிறார்களே என்று நுனியை வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேட்டிருப்பாய். நான் முழுக் கெளுத்தியையே பதினோரு மாதம் பைக்குள் வைத்திருந்தேன். அந்த நுனியை இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள். மன்னித்துவிடு என்ற சொல்லைத் தனித் தாளில் இருபது தடவை எழுதிப் பழகினேன். இது இருபத்தொன்று: மன்னித்துவிடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரி திறக்கிறது. காலையில் வா. தவளையிடம் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பு, பேத்திகளுக்கு முத்தம், உன் தூண்டிலுக்கு நீண்ட ஆயுசு.

இப்படிக்கு,
முடிச்சுப் போடத் தெரியாத உன் அத்தான்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டப் போகும்போது உன் அக்கா, "ஒருதடவை போட்டுத்தான் காட்டுங்களேன்" என்றாள். செத்த மீன் சட்டையைப் போட்டேன். உள்ளே இன்னொரு ஆள் வாடகைக்கு இருக்கலாம். "இது என் தம்பி அளவு துரை, உங்க அளவு அது" என்று மற்றதை எடுத்து மாட்டினாள். கச்சிதம். ஆக, மேலே எழுதியதைத் தலைகீழாக மாற்றிப் படித்துக்கொள். அடித்து எழுத என்னிடம் டீத்தூள் இல்லை. உனக்கு வருவது செத்த மீன்தான். ஆனால் மச்சான், அதைப் போட்டிருந்தபோது குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லா மீனும் நேராக நீந்தின! போட்டிருப்பவனுக்கு உயிர் மீன். "எதிர்ல உட்கார்ந்து பார்க்கப்போற உங்களுக்குத்தான் செத்த மீன், நல்லா வேணும்" என்றாள் உன் அக்கா. நியாயம்தானே? கைவலையை மறக்காதே, நீதான் பிடிக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன், பென்சில் சீவியாகிவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தபால் எதற்கு, கரையில் வைத்தே எழுதி உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும் வரை அந்த மல்லாந்த மீன்களையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.