பல் மருத்துவரின் முழங்கால்

பல் மருத்துவர் தமது வாழ்நாளில் எடுத்த தீர்மானங்களிலேயே ஆகப் பெரியது, சரணாலயத்துச் சரளைப் பாதையைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அதாவது, சுற்றி வந்ததாகச் சொல்லிக்கொள்வது.

பாதை பொல்லாதது. மணல், பாறை, மேடு, பள்ளம் எல்லாம் உண்டு. அதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் அதன் பெருமையை விரிவாகச் சொல்வார். மறுத்துப் பேச முடியாத சபை அது.

இடையில் குறுக்கே நின்றது அவருடைய வலது முழங்கால். அதில் வலி உண்டா என்பது இன்றுவரை தீராத சர்ச்சை. ஆனால் பயன் நிச்சயமாக உண்டு. அவரும் மனைவியும் குடியிருந்த தரைத்தள வீட்டில் பகலிலும் விளக்கெரிய வேண்டும், சுவரெல்லாம் ஈரம். நாலாவது மாடியில் காற்றும் வெளிச்சமுமாக ஒரு வீடு காலியாகியிருந்தது. மனைவிக்கு அதன் மேல் ஒரு கண். லிஃப்ட் கிடையாது. இவரோ படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொல்லிவந்தார். எந்த டாக்டர் என்று கேட்பது அநாகரிகம், அவரேதான். வீட்டுக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

"படியேறக் கூடாத கால் சைக்கிள் மட்டும் மிதிக்கலாமாங்க?"

"அது வேற தசை. உனக்கு உடற்கூறு தெரியாது."

"தெரியாதுதான். பல்லுக்கு முட்டி உண்டுங்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அவள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். சரணாலயத்து வரைபடத்தை விரித்து, எப்படிப் போவதாக உத்தேசம் என்று விசாரித்தாள். குளம் வரைக்கும் சமதரை என்று விளக்கினார். குளக்கரை நிழலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடும் திட்டத்தை மட்டும் விளக்கவில்லை. குளத்துக்கு அப்பால் பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவை என்ன என்று கேட்டாள். ஓடைகள் என்றார். பூகோள ஆசிரியை பணிவாகத் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே காரில் சைக்கிளை ஏற்றி வந்து, கிழக்கு வாசலில் அவரை இறக்கிவிட்டாள். முட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

குளம் வந்தது. தூக்கமும் வந்தது. எழுந்து முகம் கழுவி, சட்டையில் கொஞ்சம் புழுதி பூசிக்கொண்டு, கிழக்கு வாசலுக்குத் திரும்பினார். காவல்கார அம்மாள் கதவைத் திறக்கவில்லை.

"இது ஒருவழிப் பாதை சார். எதிர்ல வந்தா வளைவுல மோதிக்குவாங்க. முழுசா சுத்தி மேற்கு வாசல்லதான் வெளிய போகணும்."

அவர் முழங்காலைக் காட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்த்து இரக்கப்பட்டாள், விதியை மாற்றவில்லை. "உங்க வீட்டம்மா நேத்தே போன்ல கேட்டாங்களே, பாதியில திரும்ப முடியுமான்னு. முடியாதுன்னதும்தான் அவங்களுக்கு நிம்மதி."

மனைவியின் அக்கறை அவர் நெஞ்சைத் தொட்டது. அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பட்ட பாட்டை அவர் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மணல் சக்கரத்தை விழுங்கியது. சரளை ஒவ்வொன்றும் முன்விரோதம் உள்ளதுபோல் நடந்துகொண்டது. வரைபடத்தில் அவர் ஓடைகள் என்று சொன்ன கோடுகள் தண்ணீர் இல்லாமல், குன்றுகளாகச் செங்குத்தாக எழுந்து நின்றன. கடைசியில் பாறையில் வெட்டிய படிக்கட்டு. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறவும் என்று பலகை சொன்னது. வேறு வழியில்லை, தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். பாதியில், முழங்கால் வலிக்கவே இல்லை என்பது அவருக்கே தெரிந்துபோயிற்று. மனிதருக்குப் பெரிய அதிர்ச்சி.

உச்சியில் ஒரு பார்வை மேடை. அதன் பின்புறம் வரை கார் வரும். அங்கே பெஞ்சில் மனைவி உட்கார்ந்து, கைப்பேசியை அவர் பக்கம் நீட்டி, அவர் படியேறுவதை முழுக்கப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுறப்ப வலிக்காது," என்றார் மூச்சிரைக்க. "இறங்குறப்பதான் உயிர் போகும்."

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்லைங்க. நாலாவது மாடிக்கு ஒரே ஒரு தடவை ஏறிடுங்க. அப்புறம் இறங்கவே வேண்டாம்."

"கிளினிக்?"

"நாற்காலியை முன் ரூமுக்குக் கொண்டுவந்துடலாம். பல்வலிக்காரங்க எத்தனை மாடின்னாலும் ஏறி வருவாங்க. சைக்கிளை மட்டும் என் தம்பிக்குக் குடுத்துடுறேன். கீழ இறங்காத மனுஷனுக்கு அது எதுக்கு?"

பல் மருத்துவர் சைக்கிளைப் பார்த்தார். புது டயரைத் தடவினார். பிறகு அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மேற்கு வாசலை நோக்கிய படிகளில் இளங்காளைபோல விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

அதையும் அவள் படம் பிடித்துக்கொண்டாள்.