முன்பல்லுக்கு மூன்று பக்கப் படிவம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே என் வாயைத் தவிர எல்லோரும் நலம். அங்கே வாய் உட்பட அனைவரும் நலம்தானே?

குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டு என் மேல் முன்பல் போனது உனக்குத் தெரியும். அந்தப் பல் இல்லாமல் கிளாரினெட்டைக் கவ்விப் பிடிக்க முடியாது. ஊதினால் குக்கர் சத்தம்தான் வருகிறது. ஆறு வாரத்தில் எங்கள் பேண்டு நிகழ்ச்சி. என் நாற்காலியில் உட்கார அந்தப் பின்வரிசை நெட்டையன் துடிக்கிறான். அதனால் தாடையில் திருகு இறக்கிப் பல் பொருத்தும் டாக்டரிடம் ஓடினேன். அவர் வாயைப் பார்க்கும் முன்பே மூன்று பக்கப் படிவத்தை நீட்டினார். அதை வைத்துத்தான் கேஸ் சுலபமா, நடுத்தரமா, சிக்கலா என்று பிரிப்பாராம். முப்பது வருஷம் லைசென்ஸ் ஆபீஸில் படிவம் சரிபார்த்து ரிட்டயர் ஆனவனிடமா? ‘ஆம்’ என்று எழுதினால் ஃபைல் நிற்கும், ‘இல்லை’ என்றால் நகரும். சர்க்கரை? இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுண்டா? இல்லை. புகை? பக்கத்தில் உன் அக்கா. இல்லவே இல்லை. வாயில் வைத்து ஊதும் கருவி? ‘இல்லை’ போட்ட வேகத்தில் அதற்கும் இல்லை!

அப்புறம் நடந்ததைக் கேளு. தலையைச் சுத்தி ஒரு மிஷின் ஓடுச்சு, எலும்பை மில்லிமீட்டர்ல அளந்தாங்க, வாய் நிறைய எதையோ அப்பி அச்செடுத்தாங்க, எனக்குக் குமட்டி நர்ஸம்மா மேலயே... அதை விடு. கடைசியில அந்த மனுஷன், "சார், உங்க கேஸ் சிக்கலானது. முதல்ல தாடையில எலும்பு வெச்சு வளர்க்கணும். ஆறு மாசம் ஆகும்"ங்கறார். எல்லாத்துக்கும் இல்லைன்னு எழுதினவன் எப்படிச் சிக்கலாவான், நீயே சொல்லு! "படிவத்தைப் படிச்சீங்களா?"ன்னேன். "ரசிச்சுப் படிச்சேன்"ங்கறார். கொழுப்பைப் பாரு! நமக்குள்ள இருக்கட்டும், மொட்டை மாடியில தினம் ரெண்டே ரெண்டு சிகரெட். அதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? ஆறு வாரத்துல முடிக்கிற டாக்டர் இருந்தா உடனே எழுது. அக்காகிட்ட மூச்சு விடாதே.

உன் பிள்ளைகள் முப்பத்திரண்டு பல்லோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். கவரை எச்சில் தொட்டு ஒட்ட வாய் சரியில்லைன்னு எங்கிட்ட குடுத்தார். வேற டாக்டரெல்லாம் தேடாதே. உன் அத்தான் ஸ்கேன் ரூமுக்குள்ள போனதுமே சர்க்கரை, ராத்திரி நறநற, கிளாரினெட், சிகரெட் எல்லாத்தையும் நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். சிகரெட் ரெண்டு இல்ல, ஆறு. அவசரப்பட்டு வெச்சா பல்லு கிளாரினெட்டோட கழண்டு வந்துடுமாம். சிகரெட்டை விட்டுட்டு ஆறு மாசம் பொறுத்தா கடைசி வரைக்கும் ஊதலாமாம். அவர் ஊதணும் தம்பி. வீடு இப்படி அமைதியா இருக்கறதை என்னால தாங்க முடியலை.