கரையில் தத்தளித்தவர்

மனுஷன் செய்யுற காரியங்கள்லயே ரொம்பக் கடினமானது எதுன்னு கேட்டா, மலை ஏறுறதுன்னு சிலபேர் சொல்லுவாங்க, போர்ல நிக்கிறதுன்னு சிலபேர் சொல்லுவாங்க. அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஒரு நாள் முழுக்க சும்மா இருக்குறதுதான் கடினம். அந்த மாபெரும் காரியத்தை, சரியான திட்டத்தோட, ஒரு நிமிஷம்கூட வீணாக்காம ஒரே ஞாயித்துக்கிழமையில செஞ்சு முடிச்ச பெருமை நம்ம சின்னவனைத்தான் சேரும்.

சின்னவன்ங்கிறது வீட்ல கூப்பிடுற பேரு. வேலை செய்யுற பார்சல் கிடங்குல அவனுக்கு ஒரு நம்பர்தான். ஊரை விட்டு வந்து ஒன்பது மாசம் ஆச்சு. கையில ஸ்கேனர், முன்னால ஓடுற பெல்ட், ஷிப்டுக்கு எண்ணூறு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் 'வந்து சேர்ந்தது', 'புறப்பட்டது'ன்னு உலகத்துக்கு அறிவிக்கிற பொறுப்பு அவனோடது. அந்தப் பொறுப்பை வீட்டு விஷயத்துலயும் காட்டுனான். "வந்துட்டேன்மா", "சாப்பிட்டேன்மா", "படுக்கப் போறேன்மா"ன்னு நாள் தவறாம அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போயிரும்.

சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிஷம். அதுல அரை நிமிஷத்தைப் பேசியே தீர்த்துட்டா எப்படி? அதனால வந்த முதல் வாரத்துலயே, கிடங்கு சாப்பாட்டு அறை மூலையில நின்னு, "சாப்பிட்டேன்மா! வயிறு ஃபுல்லு!"ன்னு ஒரே தடவை உற்சாகமா பேசி வச்சுக்கிட்டான். அப்புறம் தினமும் மதியம் அதையே எடுத்துத் தட்டி விடுறதுதான். சாப்பிட்டாலும் போகும், சாப்பிடாட்டியும் போகும். சேவையில தடங்கலே கிடையாது. அம்மா அனுப்புற பதிலையும் மரியாதையா திறந்து, "சின்னவனே, நாங்க நல்லா இருக்கோம்" வரைக்கும் கேட்டு, ஒரு இதயத்தைப் போட்டு மூடிருவான். நாலு செகண்ட்ல வேலை முடிஞ்சுது. மிச்சம் எப்பவும் அதேதானே.

இப்படி எல்லாம் ஒழுங்கா ஓடிட்டிருந்தப்பதான், போன வாரம் அம்மா சொல்லாம கொள்ளாம வீடியோ கால்ல வந்துட்டாங்க.

"என்னடா இது, கண்ணுக்குக் கீழ யாரோ மை தடவுன மாதிரி இருக்கு?"

"லைட்டு சரியில்லமா."

"லைட்டு உன் கன்னத்தையுமா தின்னுச்சு?"

பின்னாலருந்து அக்கா எட்டிப் பாத்தா. "அம்மா, இவன் தூங்குறதே இல்லம்மா. மூஞ்சியப் பாரு, கசக்கிப் போட்ட சட்டை மாதிரி."

அக்கா வீட்டுக்கார மாமா போனை வாங்குனாரு. "மாப்ள, நான் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன். அடுத்த மாசம் வந்து உன்னையத் தூக்கிட்டு வந்துடுறேன். பெட்டியக் கட்டி வை."

தெருவுல ஒரு வீடு விடாம சொல்லிட்டு கிளம்பி வந்தவன், வருஷம் திரும்புறதுக்குள்ள மாமா கையப் புடிச்சுக்கிட்டு திரும்பினா மானம் என்னாவுறது?

"வேணாம் மாமா! நான் நல்லா ஓய்வெடுக்குறேன்! வேணும்னா நிரூபிக்கிறேன்!"

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ நிம்மதியா இருக்குறது எனக்குத் தெரியணும். இல்லன்னா மாமா வருவாரு. அவ்வளவுதான்"னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க.

ஓய்வு பத்தி சின்னவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுடக் கூடாது. கிடங்குலயே மாசம் ஒரு 'நலவாழ்வுக் கூட்டம்' நடக்கும். எல்லாரும் நின்னுக்கிட்டே கலந்துக்கணும், ஏழு நிமிஷம். "ஓய்வு எடுக்காதவங்க மேல கடும் நடவடிக்கை எடுக்கப்படும்"னு மேனேஜர் கனிவோட சொல்லி, 'மனசை லேசாக்க நாற்பது கட்டாயப் படிகள்'னு ஒரு புத்தகமும் குடுத்திருந்தாரு. அதை வச்சு சின்னவன் திட்டம் போட்டான். பத்தரைக்கு அலையில கால் நனைத்தல். பதினொண்ணுக்கு இயற்கையைப் பாத்து வியத்தல். பன்னெண்டரைக்கு சாப்பாடு. ஒண்ணேகாலுக்கு மணல்ல தூக்கம், அலாரத்தோட. ரெண்டு மணிக்கு மன அமைதி. அது கொஞ்சம் இழுக்கும்னு சொல்றாங்களேன்னு அதுக்கு மட்டும் பத்து நிமிஷம் கூடுதலா ஒதுக்குனான்.

கூட்டம் இருந்தா அமைதி கெடும்னு, 'யாருக்குமே தெரியாத கடற்கரை'ன்னு ஒண்ணை இணையத்துல தேடிப் புடிச்சான். அந்த ரகசியத்தை ஏற்கெனவே நாலு லட்சம் பேர் பாத்திருந்தாங்க. அதுல ஒருத்தர்கூட ஏன் அங்க போகலங்கிறது சின்னவனுக்குப் போனப்புறம்தான் விளங்குச்சு.

ரெண்டு பஸ் மாறணும். ரெண்டாவது பஸ்லயே வேலையை ஆரம்பிச்சுட்டான். சந்தோஷமா இருக்கும்போது குரல் எப்படி வரும்னு நம்பி இருக்க முடியாதே? அதனால அஞ்சு மெசேஜை முன்கூட்டியே பேசித் தனக்கே அனுப்பி வச்சுக்கிட்டான். கடலே கண்ணுக்குத் தெரியாத ரோட்டுல, "ஆஹா! என்ன அலைம்மா!"ன்னு கத்துனதும், பக்கத்து சீட்டு அம்மா பையை எடுத்துக்கிட்டு டிரைவர் பின்னால போயி உக்காந்தாங்க.

கடற்கரை நிஜமாவே அழகுதான். வளைஞ்சு கிடக்குற வெள்ளை மணல், ரெண்டு பாறை, ஒத்தக் கால்ல நிக்கிற நாலு பறவை, தூரத்துல ஒரு மரக் கூண்டு. அலை சத்தமே இல்லாம வந்து சத்தமே இல்லாம போச்சு. குளிக்கிற ஆள் இல்ல. கடை இல்ல. போன்ல சிக்னல் ஒரு கோடுகூட இல்ல.

பத்தரை மணி மெசேஜை அனுப்புனான். சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு அடையாளம் வந்து அப்படியே நின்னுச்சு. மணல்மேட்டுல ஏறினான். பாறை மேல ஏறினான். உடை மாத்துற அறையோட சுவர் மேல ஏறி, போனைத் தலைக்கு மேல தூக்கி, ரெண்டு கையையும் ஆட்டுனான். பதினொண்ணு மணி மெசேஜும் போகல. பன்னெண்டரை மணி சாப்பாடும் போகல. ஒண்ணேகால் மணி தூக்கமும் போகல.

திடீர்னு விசில் சத்தம். முழுகுறவங்களைக் காப்பாத்துற லைஃப்கார்டு ஒருத்தரு, மரக் கூண்டுலருந்து குதிச்சு, மிதவையைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தாரு.

"பயப்படாதீங்க தம்பி! நான் வந்துட்டேன்!"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"கையத் தூக்கி ஆட்டுனா உதவி கேக்குறீங்கன்னு அர்த்தம்."

"போன்ல சிக்னல் எடுக்கலண்ணே, அதான் ஆட்டுனேன். நான் இங்க ஓய்வெடுக்க வந்தேன்."

லைஃப்கார்டு அவனை மேலயும் கீழயும் பாத்தாரு. "தம்பி, நானும் மூணு மணி நேரமா பாக்குறேன். கடல் அந்தப் பக்கம் இருக்கு. நீங்க ஒரு தடவைகூடத் திரும்பல."

"திட்டத்துல இருக்குண்ணே. மெசேஜ் போனதும் திரும்பிடுவேன்."

"சட்டை நனைஞ்சிருக்கே?"

"வேர்வைண்ணே."

அவரு பரிதாபமா ஒரு நோட்டை எடுத்தாரு. 'காப்பாற்றப்பட்டோர் பதிவேடு.' முதல் பக்கமே காலி. "மூணு வருஷமா இங்க இருக்கேன் தம்பி, ஒருத்தரும் முழுகல. மேல கேக்குறாங்க. உங்களைப் போட்டுக்கட்டுமா?"

"நான் தண்ணியிலயே இறங்கலண்ணே!"

"இருக்கட்டும். உள்ளதை உள்ளபடியே எழுதுறேன்." நிதானமா எழுதினாரு: 'கரையில் தத்தளித்தார்.' அவன் கையெழுத்தும் வாங்கிக்கிட்டாரு.

மீதி நாளும் அப்படியே சிறப்பா கழிஞ்சுது. கட்டிட்டு வந்த சாப்பாடு பைக்குள்ளயே இருந்துச்சு. ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சு மன அமைதியை ஞாபகப்படுத்துச்சு. அதையும் அனுப்பிட்டு, போன்ல அந்தச் சின்னக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னான்.

சாயங்காலம் பஸ் ஏறி, மெயின் ரோடு திரும்புனதும் போனுக்கு உயிர் வந்துச்சு. டிங், டிங், டிங், டிங், டிங். அஞ்சும் ஒண்ணா பறந்துச்சு. மூச்சு விடுறதுக்குள்ள அம்மா கூப்பிட்டாங்க.

"ஏன்டா, ஒரே நிமிஷத்துல கடலுக்குப் போயி, கால் நனைச்சு, வியந்து, சாப்பிட்டு, தூங்கி, மன அமைதியும் அடைஞ்சுட்டியா?"

"அது... சிக்னல் இல்லமா."

"காலைலருந்து ஒரு தகவலும் இல்ல. உங்க கிடங்குக்கு அக்கா போன் போட்டா. 'அந்த நம்பர் ஓய்வில் உள்ளது, திரும்பியதும் தெரிவிக்கப்படும்'ங்குறாங்க. மாமா பெட்டியையே எடுத்து வெளிய வச்சுட்டாரு. உண்மையச் சொல்லு, அங்க என்னதான் செஞ்ச?"

"ஒருத்தரு என்னையக் காப்பாத்துனாருமா."

"ஐயையோ! கடல்ல விழுந்துட்டியா?"

"இல்லமா. கரையிலதான்."

அம்மா மெதுவா கேட்டாங்க. "சின்னவனே, அந்தத் தும்முறவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தத் தும்முறவரு?"

"தினமும் மதியம் நீ 'வயிறு ஃபுல்லு'ன்னு சொன்ன உடனே பின்னால ஒருத்தரு தும்முறாரே. ஒன்பது மாசமா ஒரு நாள் தவறல. பாவம், அவருக்கு ஜலதோஷம் விடவே இல்லையா?"

சின்னவனுக்கு காது சூடாச்சு.

"போகட்டும். நான் அனுப்புறதையாவது கேக்குறியா?"

"தினமும் கேக்குறேன்மா! இதயம் போடுறேன்ல?"

"சரி. இன்னைக்குக் காலைல அனுப்புனதைக் கேளு. முழுசா கேளு. நான் வச்சிடுறேன்."

பதினொரு செகண்ட் மெசேஜ். காதுல வச்சான். "சின்னவனே, நாங்க நல்லா இருக்கோம்..." பின்னால குக்கர் ரெண்டு விசில் அடிச்சுது. "...இதை நீ முழுசா கேட்டேன்னா, அம்மாவுக்கு உடனே ஒரு போன் போடு. எந்நேரமானாலும் பரவால்ல."

நேத்து வந்ததைப் போட்டான். அதே வார்த்தை, அதே ரெண்டு விசில். முந்தாநாள் வந்ததும் அதே. மேல தள்ளிக்கிட்டே போனான். மூணு மாசமா தினமும் அதே பதினொரு செகண்ட். அவனோட வித்தையை அக்கா அம்மாவுக்குக் கத்துக் குடுத்திருக்கா.

போன் போட்டான். முதல் மணியிலயே அம்மா எடுத்தாங்க.

"கேட்டியா?"

"கேட்டேன்மா."

"சாப்பிட்டியா?"

"இல்லமா."

"சரி, சாப்பிட்டுக்கிட்டே பேசு"ன்னாங்க அம்மா.

ஒரு நாளைக்கு எண்ணூறு பெட்டியை உரியவங்க கையில சேத்து வைக்கிற நம்ம சின்னவன், தன் பேருக்கு வந்த ஒரே ஒரு பெட்டியை மூணு மாசமா பிரிக்கவே இல்ல. 'பெற்றுக்கொண்டேன்'னு தினமும் ஒரு இதயத்தை மட்டும் தவறாம ஒட்டி வச்சிருந்தான்.